துடைச்ச கை

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தேன். கவாத்துக்குக் கொடுத்ததெல்லாம் பழைய .303. டெல்லி முகாமுக்குப் போறவங்க வேற. சேரியிலிருந்து வந்த எங்க நாலு பேருக்கு விதிச்சது துப்பாக்கி துடைக்கிற வேலை. "உங்களுக்குத்தான் கைவாகு" என்பார் பொறுப்பாளர். அந்தக் கைவாகுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியும்.

ஆனால் துடைத்த கைக்குத்தான் துப்பாக்கி பிடிபடும். கிடங்கில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருந்தார், எங்க ஆளு. கழற்றிப் போட்டுச் சொல்லித் தருவார். "நம்பரைப் பாருடா தம்பி. உடம்புல ஒண்ணு, போல்ட்டுல ஒண்ணு, மூக்குப் பூண்ல ஒண்ணு. ஒத்துப்போகலன்னா உடனே போலின்னு சொல்லிடாத. பட்டாளத்துல ஒடைஞ்சா மாத்துவான், பழைய நம்பரை அடிச்சிட்டுப் புதுசு குத்துவான். அது பொழைச்சு வந்த துப்பாக்கி."

போலி உறுப்பு வேறு மாதிரி. அச்சில் வார்த்த இரும்புக்குப் பொரிபொரியாய்த் தோல் இருக்கும், ஓரத்தில் ஒட்டுக்கோடு தெரியும். கடைந்து செய்ததில் உளிக்கீற்று இருக்கும். எழுத்தைக் கருமை ஏற்றுமுன் குத்தியிருந்தால் பள்ளத்துக்குள்ளும் கருமை ஓடியிருக்கும். நேற்று குத்தியதென்றால் உள்ளே வெளுத்திருக்கும். கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் செய்த சில துப்பாக்கிகளில் விக்டோரியா ராணியின் முத்திரையும், பக்கத்திலேயே 1901க்குப் பிந்தைய ஆண்டும் இருக்கும். ராணி செத்ததே 1901 ஜனவரியில்.

சில வருஷங்களுக்கு முன் உள்ளூர் வரலாறு கேட்க ஒரு மிராசு வீட்டுக்குப் போனேன். எங்க தாத்தா வாசலில் நின்று கூலி வாங்கிய வீடு. எனக்கு எம்.ஏ. என்பதால் கூடம்வரை விட்டார்கள். சுவரில் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நீளத் துப்பாக்கி. "என்ஃபீல்டு ரைஃபிள், அசல்" என்றார் பெரியவர்.

தூரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் குறித்தகடு மேலே இருந்தது. அதன் ஈயப்பற்று புதுசு. திருகாணியின் வெட்டு, திருப்புளி படாத கூர்மையோடு இருந்தது. குழல்வாயில் விரலை விட்டேன். ரைஃபிள் என்றால் மூன்று சுருள் பள்ளம் தட்டுப்பட வேண்டும். வழுவழுவென்று இருந்தது. தேய்மானமோ என்று ஸ்கேல் வைத்தால் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். அந்த ரைஃபிளின் குழல் 0.577 அங்குலம், 15 மில்லிமீட்டர்கூட வராது. தேய்ந்து இரண்டு மில்லிமீட்டர் பெருகாது.

விஷயம் புரிந்தது. 1857 கலகத்துக்குப் பிறகு, 1858இல், வெள்ளைக்காரன் இந்தியச் சிப்பாய்க்கென்றே தனித் துப்பாக்கி கொடுத்தான். அதே ரைஃபிள்தான். உள்ளிருந்த பள்ளங்களைக் கடைந்தெடுத்துவிட்டு, ஏறி இறங்கும் குறித்தகட்டுக்குப் பதிலாக அசையாத ஒன்றை வைத்தான். தோளில் சாத்தினால் ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும். சுட்டால்தான் தெரியும், இவன் குண்டு மட்டும் கொஞ்ச தூரத்திலேயே அலைபாய்வது. வெளியே சமம், உள்ளே சுரண்டல். இந்த ஏற்பாடு நமக்குப் புதுசா என்ன?

விலை கூட்ட எவனோ ஒரு வியாபாரி புதுத் தகட்டை ஒட்டி, நடந்த அநியாயத்துக்கு இருந்த சாட்சியை மூடிவிட்டான்.

சொன்னேன். பெரியவர் முகம் சுருங்கியது. "ஒனக்கெப்படிப்பா தெரியும்?"

"துடைச்ச கைங்க. அந்தத் தகட்டைக் கழட்டிடுங்க. அது இல்லாமத்தான் இது அசல்."