இசைக்குள் புகும் இரைச்சல்

மின்கிற்றார் என்றதும் நம்மவரிற் பலர் காதைப் பொத்திக்கொள்வர். அதன் இசையைக் காட்டிலும், வாசியாதிருக்கும் பொழுதும் ஒலிபெருக்கியினின்று ஓயாது எழும் இரைச்சலே அவர்க்கு அவ்வெறுப்பை ஊட்டியிருத்தல் கூடும். அவ்விரைச்சலிற் பெரும்பகுதி வாசிப்பவனுடையதன்று. வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் குரல் அது.

சாதாரணக் கிற்றாரில் மரப்பெட்டியே ஒலியைப் பெருக்குகிறது. மின்கிற்றாரிலோ, உருக்குத் தந்திகளின் கீழே காந்தமும், மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய சுருளும் உள்ளன. தந்தி அதிரக் காந்தப்புலம் மாறுகிறது. புலம் மாறச் சுருளில் மின் தூண்டப்படுகிறது. அம்மின் மிகச் சிறியது. ஆதலின், செக்கனுக்கு 50 தடவை அலையும் நம் வீட்டு மின்னோட்டமும், குழாய் விளக்கும், மின்மாற்றியும் பரப்பும் புலங்கள் அதனோடு எளிதிற் கலந்துவிடுகின்றன. ஒலிபெருக்கி இசை எது, இரைச்சல் எது என்று பகுத்தறியாது. இரண்டையும் ஒருங்கே பெருக்கும். எனவே, இரைச்சலை உள்ளே புகுமுன் தடுத்தலே முறை.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரிக் கலைவிழாவுக்குச் சில வாரங்களின் முன், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், கடல் கடந்து சென்ற தமையன் விட்டுப்போன கிற்றாரை என்னிடம் கொண்டுவந்தான். உள்ளுறுப்புகள் யாவற்றையும் மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அதற்காகும் தொகையோ தகப்பனாரின் ஒரு மாதச் சம்பளம்.

“வித்துப்போடுவம் எண்டு அப்பா சொல்லுறார், சேர்” என்றான்.

தந்திகளைத் தொடச் சொன்னேன். தொட்டதும் இரைச்சல் பெரிதும் அடங்கிற்று. கையை எடுத்ததும் மீண்டும் எழுந்தது. அதுவே குறைகாட்டும் குறி. வாசிப்பவனின் உடல் சுற்றியுள்ள மின்புலத்தை ஏந்தி, காப்பற்ற உட்கம்பிகளுக்கு அளிக்கிறது. தந்திகள் புவித்தொடுப்புடையன, அவற்றைத் தொட்டவுடன் உடலும் புவியோடு இணைகிறது. மாற்றவேண்டியவை உறுப்புகள் அல்ல. வேண்டியது ஒரு கவசமே.

அக்கவசத்தின் வரலாறு பழையது. 1836 ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே, 12 அடிப் பக்கமுள்ள அறையொன்றை உலோகத்தாற் போர்த்து, அதற்குப் பலத்த மின்னேற்றம் கொடுத்து, தாமே அதனுள் அமர்ந்து சோதித்தார். வெளியே மின்பொறிகள் பறந்தபோதும் உள்ளே மின்னின் சுவடு தோன்றவில்லை. அவ்வறையைச் சிறிதாக்கிக் கிற்றாரின் வயிற்றுள் அமைப்பதே எங்கள் வேலையாயிற்று.

தந்திகளைக் கழற்றி, மேல்மூடியைத் திறந்து, உட்குழியின் அடியிலும் சுவர்களிலும் மெல்லிய செப்பு நாடாவை ஒட்டினோம். மூடியின் உட்புறத்துக்கும் அவ்வாறே. நாடாவின் பசை மின்னைக் கடத்தாதாயின் துண்டுகள் தனித்தனியே நின்றுவிடும். ஆகவே இணைப்புகளிற் பற்றாசு பிடித்தோம். துண்டுகள் யாவும் தொடர்புற்றனவா என்று பல்மானியாற் பார்த்தபின், செப்பு முழுவதையும் புவிக்கம்பியோடு தொடுத்தோம். இசையைச் சுமக்கும் முனை செப்பிற் பட்டால் கருவி ஊமையாகும். அவ்விடத்திற் காவலி நாடா சுற்றினோம். செலவு ஒரு நாடாச் சுருளும் ஒரு சனிக்கிழமையும்.

ஒலிபெருக்கிச் செருகியின் புவிமுனையைக் கழற்றினால் இரைச்சல் நீங்கும் என்பாரும் உளர். மாணவர் அதனை ஒருபோதும் செய்யலாகாது. பழுதுற்ற ஒலிபெருக்கியின் மின் தந்தி வழியே கைக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் கவசமும் எல்லாவற்றையும் வென்றதன்று. கரகரப்பு நீங்கிற்று, ஆழ்ந்த முழக்கமொன்று எஞ்சிற்று. மெல்லிய செப்பு மின்புலத்தைத் தடுக்கும். மின்மாற்றியின் காந்தப்புலம் அதனை ஊடுருவும். அதற்கு வேறு மருந்து: காந்த முனையும் சுற்றுத் திசையும் எதிரெதிரான இரு சுருள்களை இணைத்தால், இசை கூடும், முழக்கம் தன்னைத்தானே அழிக்கும். கிப்சன் நிறுவனத்துச் செத் லவர் இதற்கு 1955 இல் விண்ணப்பித்து 1959 இல் காப்புரிமை பெற்றார். எங்கள் மாணவனிடம் இருந்ததோ ஒற்றைச் சுருட் கருவி. ஒலிபெருக்கியை விட்டு விலகி, மெல்லத் திரும்பித் திரும்பி, முழக்கம் மிகக் குறைந்த திசையைக் கண்டுகொண்டான். விழா மேடையிலும் அத்திசை பார்த்தே நின்றான்.

கிற்றார் விற்கப்படவில்லை. “சத்தத்தைக் குறைச்சு வாசி” என்று மட்டுமே தகப்பனார் இப்பொழுது சொல்கிறாராம்.