ரெண்டாயிரம் ரூபாயில் வண்டி பளபளக்குமா?

கார் வாங்க லோன் கிடைக்கும். கார் கழுவ எவனும் லோன் தரமாட்டான்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்கும் இப்போ தர ஆரம்பிச்சுட்டாங்க மக்களே!

நம்ம சித்தி பையன் பல்லாவரத்தில் கால் டாக்ஸி ஓட்டுறான். வெள்ளை கலர் செடான், சொந்த வண்டி, அதாவது பேங்குக்கு சொந்தமான சொந்த வண்டி :-) இன்னும் 14 மாசம் தவணை பாக்கி. போன மாசம் ஒரு டீடெயிலிங் கடையில் விசாரிச்சிருக்கான். செராமிக் கோட்டிங் 18,000 ரூபாய், கையில் காசு இல்லைன்னா கார்டில் ஆறு மாச தவணையா போட்டுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. பையன் பாதி மனசோட எனக்கு போன் பண்ணினான். "அண்ணே, போட்டுரவா? தவணை முடிஞ்சதும் வண்டியை விக்கணும்ணே, பெயிண்டு போச்சுன்னா புரோக்கர் இருபதாயிரம் குறைப்பான்"ங்கிறான். அவன் கணக்கிலும் நியாயம் இருக்கு. கையில் எவ்வளவுடா இருக்குன்னு கேட்டேன். "ரெண்டாயிரம்ணே."

சரி, அந்த ரெண்டாயிரத்துக்கு என்ன வாங்கலாம், எதை வாங்கவே கூடாதுங்கிறதுதான் மேட்டர். கார் வச்சிருக்கிற, ஆனா காசு வச்சிருக்காத எல்லா ஜீவன்களுக்கும் இது பொருந்தும்.

முதல்ல வண்டியோட தோல் என்னன்னு தெரிஞ்சுக்கணும். தகடு, அதுக்கு மேல பிரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல கிளியர் கோட்னு கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. இந்த கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான் கனம்தான் இருக்கும். நம்ம தலைமுடி ஒண்ணு சுமார் 70 மைக்ரான். அதாவது ஒரு முடி கனம் கூட இல்லாத பூச்சுதான் வெயிலையும் காக்கா எச்சத்தையும் தாங்கிக்கிட்டு நிக்குது. பாலிஷ் போட்டா பளபளன்னு ஆகுதே, அது எப்படி? கீறல் இருக்கிற அளவுக்கு கிளியர் கோட்டை தேய்ச்சு எடுத்துடறாங்க, அவ்வளவுதான். எடுத்தது திரும்ப வளராது. இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிட்டா பட்ஜெட் தானா வந்துடும். பளபளப்பு வாங்குறதுக்கு முன்னாடி, கீறல் போடுறதை நிறுத்தணும்.

வெயில்ல நிறுத்தின வண்டியை சைடுல இருந்து பாருங்க. சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு தெரியும். அது ரோட்டில் வந்தது இல்லை. கழுவும்போது வந்தது! ஒரே பக்கெட், ஒரே துணி, அதே தண்ணியில் முக்கி முக்கி தேய்ப்போம் இல்லையா, அப்போ பக்கெட்டில் இருக்கிற மண்ணையும் சேர்த்து வண்டி மேல பூசி தேய்க்கிறோம்.

துணி விஷயத்தில் நம்மூர்ல ஒரு பெரிய சங்கதி இருக்கு. பனியன் வேஸ்ட். திருப்பூர் புண்ணியத்தில் கிலோ கணக்கில் கிடைக்கும். இஞ்சின்ல ஆயில் துடைக்க, வீல் துடைக்க அதை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனா பெயிண்டு மேல வேண்டாம். தையல், எலாஸ்டிக் எல்லாம் கலந்து வரும், பிடிச்ச மண்ணை விடாமல் வண்டி மேலயே இழுத்துக்கிட்டு போகும். மைக்ரோஃபைபர் வேற மாதிரி. அந்த நூலிழை முடியை விட பல மடங்கு மெல்லிசு, தூசியை இழைகளுக்கு நடுவில் வாங்கி வச்சுக்கும். 1970-ல் ஜப்பானில் டோரே கம்பெனியில் மியோஷி ஒகமோட்டோ என்பவர் கண்டுபிடிச்ச சமாச்சாரம் இது. முதலில் செயற்கை தோல் துணி செய்யத்தான் பயன்பட்டது, அப்புறம்தான் நம்ம காருக்கு வந்து சேர்ந்தது. வாங்கும்போது பாக்கெட்டில் 80/20 அல்லது 70/30னு போட்டிருக்கும். பாலியெஸ்டர், பாலியமைடு கலவை அது. ஜிஎஸ்எம் 300-க்கு மேல இருந்தா போதும். முக்கியமா, துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கி போடாதீங்க. இழையெல்லாம் வழவழன்னு ஆகி தண்ணியையும் தூசியையும் பிடிக்காது. தரையில் விழுந்த துணியை துவைக்காமல் வண்டி மேல வைக்கிறதும் கூடாது.

இனி அவனுக்கு நான் போட்டுக் கொடுத்த லிஸ்ட் (எங்க ஏரியா கடை விலை, முன்னப் பின்ன இருக்கும்):

ஷாம்பு அரை லிட்டர் - 250
கழுவுற கையுறை - 200
தண்ணி ஒத்தி எடுக்க பெரிய டவல் - 300
மைக்ரோஃபைபர் துணி மூணு - 300
காலி பெயிண்ட் பக்கெட் - 80
ஸ்பிரே சீலண்ட் - 450
வெள்ளை வினிகர் - 50
வாட்டர் பேப்பர் மூணு தாள் - 75
பாலிஷ், சின்ன டப்பா - 150

மொத்தம் 1,855. மிச்சம் 145.

ஷாம்புக்கு எதுக்கு 250, பாத்திரம் கழுவுற லிக்விட் போதாதான்னு கேட்டான். எல்லாரும் கேட்பாங்க. அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தான் செஞ்சது. வண்டி மேல போட்ட வேக்ஸும் ஒரு பிசுக்குதானே, அதையும் சேர்த்து எடுத்துடும். புதுசா வேக்ஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டா தப்பில்லை, வாரா வாரம் வேண்டாம். துணி துவைக்கிற சோப்புத்தூள் அதை விட மோசம். காரத்தன்மை ஜாஸ்தி, அலுமினியம் பாகங்கள் மங்கிப் போகும். பிஹெச் நியூட்ரல்னு போட்ட எந்த கம்பெனி ஷாம்புவா இருந்தாலும் சரி. ஒரு பக்கெட்டுக்கு ஒரு மூடி ரெண்டு மூடிதான் ஆகும், அரை லிட்டர் மாசக்கணக்கில் வரும்.

ரெண்டாவது பக்கெட் எதுக்குன்னா, ஒண்ணுல ஷாம்பு தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. ஒரு கதவு தேய்ச்சதும் கையுறையை வெறும் தண்ணியில் அலசிட்டு அப்புறம்தான் ஷாம்புல முக்கணும். மேல இருந்து கீழ வரணும், வீல் கடைசி. 80 ரூபாய் பக்கெட் செய்யற வேலையை 18,000 ரூபாய் கோட்டிங் செய்யாது. இது சும்மா பஞ்ச் டயலாக் இல்லை. செராமிக் கோட்டிங்ங்கிறது ஒண்ணு ரெண்டு மைக்ரான் கனத்தில் இருக்கிற பூச்சு. தண்ணி முத்து முத்தா ஓடும், அழுக்கு சுலபமா போகும், ரெண்டு மூணு வருஷம் கூட நிக்கும், எல்லாம் உண்மை. ஆனா மண்ணு பக்கெட்டில் முக்கின துணியால் தேய்ச்சா அதுலயும் கோடு விழும். உப்புத் தண்ணி காய்ஞ்சா அதுலயும் வட்டம் விழும். கல்லடி பட்டா காப்பாத்தாது. கல்லுக்கு வேணும்னா பிபிஎஃப்னு கனமான பிளாஸ்டிக் ஃபிலிம் இருக்கு, அது விலை கேட்டா நமக்கு மயக்கம் வரும். கடைக்காரங்க வாங்குற காசில் பெரும்பகுதி கோட்டிங்குக்கு முன்னாடி போடுற பாலிஷ் வேலைக்கு. அது நேர்மையான கூலிதான், குறை சொல்லலை. ஆனா தினமும் ரோட்டில் கிடக்கிற டாக்ஸிக்கு, கழுவுற முறையை மாத்தாமல் அதை போடுறது ஓட்டைப் பானையில் பால் ஊத்துற கதை.

வினிகர் எதுக்குன்னா போர் தண்ணிக்கு. எங்க பக்கம் போர் தண்ணியில் வண்டி கழுவி அப்படியே விட்டா, காய்ஞ்சதும் வெள்ளை வெள்ளையா வட்டம் நிக்கும். கால்சியம், மக்னீசியம் உப்பு. அதனாலதான் டவலுக்கு 300 ஒதுக்கினது. தண்ணி தானா காயுறதுக்குள்ள ஒத்தி எடுத்துடணும். ஏற்கனவே விழுந்த வட்டத்துக்கு வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துணியில் நனைச்சு, ரெண்டு மூணு நிமிஷம் வச்சு, துடைச்சு, நல்ல தண்ணியில் அலசணும். நிழல்ல, வண்டி சூடு ஆறினப்புறம் மட்டும்.

பையன் வண்டி நிக்கிறது ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில். நிழலும் ஓசி, எச்சமும் ஓசி. பறவை எச்சத்தில் அமிலம் இருக்கு. வெயில்ல பெயிண்டு சூடாகி இளகி நிக்கும், எச்சம் காய்ஞ்சு சுருங்கும்போது அந்த இடத்தில் தழும்பு விழுந்துடும். காய்ஞ்சதை நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியை மேல போட்டு ஊறவிட்டு எடுக்கணும். டிக்கியில் ஒரு ஈரத்துணியும் தண்ணி பாட்டிலும் இருந்தா போதும். இதுக்கு பைசா செலவில்லை.

வேக்ஸா சீலண்டா? கார்னாபா வேக்ஸ் பிரேசில் நாட்டு பனை ஜாதி மரத்தோட இலையில் இருந்து எடுக்கிறது. அழகு அள்ளிக்கிட்டு போகும், ஆனா நம்ம வெயிலுக்கு சில வாரம்தான் நிக்கும். பாலிமர் சீலண்ட் அதை விட கூட நாள் தாங்கும். ஸ்பிரே பண்ணி துடைச்சா பதினஞ்சு நிமிஷத்தில் வேலை முடிஞ்சது. ரெண்டு சவாரிக்கு நடுவில் போடுறவனுக்கு அதுதான் தோது. கிளே பார் வேணும்னு சொன்னான், வேண்டாம்னுட்டேன். கிளே போட்டா லேசா கோடு விழும், அதை எடுக்க வண்டி முழுக்க பாலிஷ் போடணும், செலவு வால் மாதிரி நீண்டுக்கிட்டே போகும்.

வாங்கவே கூடாத ஒண்ணு இருக்கு. லேபிள் இல்லாத கேனில் அளந்து விக்கிற வீல் கிளீனர். சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் அல்லது அந்த வகை உப்பு இருக்கும். தண்ணியா கலந்ததா இருந்தா கையில் பட்டதும் எரியாது, மணிக்கணக்கு கழிச்சுதான் வலிக்கும், அதுக்குள்ள தோலைத் தாண்டி உள்ள போயிருக்கும். வீல் ஷாம்புலயே போகும். அதே மாதிரி வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கம் டீசல் அடிக்கவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊதிப் போகும்.

கடைசியா, லிஸ்டில் வாட்டர் பேப்பரும் பாலிஷும் ஏன்னு யாரும் யோசிச்சீங்களா? பையனுக்கு பாதி சவாரி ராத்திரி ஏர்போர்ட் டிராப். அவன் வண்டி ஹெட்லைட் ரெண்டும் மஞ்சக்காமாலை வந்த கண்ணு மாதிரி இருக்கு. ஹெட்லைட் கவர் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேல இருக்கிற புற ஊதா தடுப்பு பூச்சு வெயில்ல போனதும் மஞ்சளாகி, வெளிச்சம் ரோட்டில் விழாமல் சிதறும். சுத்தி டேப் ஒட்டிட்டு, 1000, 2000, 3000 நம்பர் தாள்களை அந்த வரிசையில், தண்ணி விட்டுக்கிட்டே தேய்க்கணும். முதல்ல இன்னும் மங்கலாகும், பயப்பட வேண்டாம். அப்புறம் பாலிஷ் போட்டா கண்ணாடி மாதிரி ஆகும். டூத்பேஸ்ட் வைத்தியம் ரெண்டு வாரம்தான். நம்ம வைத்தியமும் நிரந்தரம் இல்லை. பூச்சு போயிடுச்சு இல்லையா, மாசம் ஒருக்கா சீலண்ட் அடிக்கணும், மறுபடி மஞ்சளாச்சுன்னா மறுபடி தேய்க்கணும்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து முதல்ல ஹெட்லைட்டைத்தான் தேய்ச்சோம். பானெட், கதவெல்லாம் அப்புறம். பழைய வட்டக் கோடுகள் அப்படியேதான் இருக்கு, ரெண்டாயிரத்துக்கு அது போகாது, போகும்னு நான் சொல்லவும் இல்லை. புதுசா கோடு சேராது. 14 மாசம் கழிச்சு புரோக்கர் கிட்ட பேச அது போதும். அன்னிக்கு ராத்திரி மீனம்பாக்கத்தில் ஆளை இறக்கிட்டு ஜிஎஸ்டி ரோட்டில் இருந்து போன் பண்ணினான். "அண்ணே, ரோட்டில் பள்ளம் இருக்கிறதே இன்னிக்குத்தாண்ணே தெரியுது" என்றான். பளபளப்பு பத்தி ஒரு வார்த்தை பேசலை பய :-)

டிஸ்கி: மிச்சம் 145 ரூபாய் என்னாச்சுன்னு கேட்கிறவங்களுக்கு, ரெண்டு மசாலா தோசை.