மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு தென்காசிக்காரி

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் போதும், எங்கள் வீடு சத்திரமாகிவிடும். தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். சென்னையிலிருந்து ஓரகத்தி, மதுரையிலிருந்து நாத்தனார், அவர்களோடு ஒட்டிக்கொண்டு இன்னும் நாலு பேர் என்று வந்து இறங்குவார்கள். இருபத்திரண்டு வருஷமாக நானும் இட்லிக்கு அரைத்து, ஈரத்துணி உலர்த்திக் கொண்டிருக்கிறேன். ஊர் சுற்ற வருகிறவர்களைப் பார்த்தே பழகிய நான், ஒரு நாள் அப்படி ஊர் சுற்றப் போவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. அதுவும் சிகாகோவுக்கு!

2023-ம் வருஷம் ஆனி மாதம் அது நடந்தது. அங்கே இருக்கும் என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். அம்மா இருந்திருந்தால் அம்மா போயிருப்பாள். அம்மா இல்லாத இடத்தில் அக்காதானே? வறுத்துத் திரித்த உளுந்த மாவு, கருப்பட்டி, சுக்கு எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு, திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, துபாயில் மாறி, ஒருவழியாகப் போய் இறங்கினேன்.

"இந்த ஊரை 'காத்து நகரம்'னு சொல்லுவாங்க மதினி" என்றார் தங்கை மாப்பிள்ளை, பெருமையாக. நான் விடுவேனா? "எங்க காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசல்ல ஒரு தடவை நின்னு பாத்திருக்கியளா? பொதிகைக் காத்து ஆளையே தள்ளும்!" என்றேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், பாவம். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டிவிட வேண்டும் என்று தங்கைக்கு ஆசை. 1893-ல் விவேகானந்தர் பேசிய கட்டடத்தைப் பார்த்தேன். இப்போது அது ஓவியக்கூடமாக இருக்கிறது. பம்பாயில் பிறந்த அனிஷ் கபூர் செய்த, அவரை விதை மாதிரியான பெரிய எஃகுச் சிற்பத்தில் முகம் பார்த்தேன். நாலு முகமாகத் தெரிந்தது! பக்கிங்ஹாம் நீரூற்றையும் பார்த்தேன். 1927-ல் கட்டியதாம். 150 அடி உயரத்துக்குத் தண்ணீர் எழும்புகிறது. எங்கள் பேரருவி மேலேயிருந்து கீழே விழுகிறது, இது கீழேயிருந்து மேலே 'விழுகிறது', அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

வில்லிஸ் டவர் என்று ஒரு கட்டடம். பழைய பெயர் சியர்ஸ் டவர். 110 மாடி, 1,450 அடி உயரம். 1998 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதானாம். அதை எழுப்பிய இன்ஜினீயர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான் இன்றைய வங்கதேசத்தில் பிறந்தவர் என்று கேட்டதும், நம்ம பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி எனக்கு ஒரு பெருமை! 103-வது மாடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கச் சொன்னார்கள். அதை ஏன் கேட்கிறீர்கள்! காலுக்குக் கீழே கார்கள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. முருகா முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோதுதான் ஏரியைப் பார்த்தேன்.

ஏரி என்றால் நம் ஊர்க் குளம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். மிச்சிகன் ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைச்சல். அலை அடிக்கிறது, மணல் இருக்கிறது, மறுகரை தெரியவில்லை. ஆனால் உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சைச் சாதமும் பருப்புத் துவையலும் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். சாப்பிட்டு முடித்ததும், பழக்க தோஷம், டப்பாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போனேன். மிச்சச் சோற்றை மீனுக்கு என்று உதறிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவக் குனிந்தேன். எட்டு வயது, தங்கை மகள், ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"நோ, பெரியம்மா! இதைத்தான் நாம குடிக்கோம்!"

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட அத்தனை கூச்சமாக இருந்திருக்காது.

மறுநாள் ஆற்றில் படகுச் சவாரி போனோம். வழிகாட்டிப் பெண் சொன்னதை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சிகாகோ ஆறு அந்தக் காலத்தில் ஏரிக்குள்தான் பாய்ந்ததாம். ஊர்ச் சாக்கடை, இறைச்சிக் கூடங்களின் கழிவு எல்லாவற்றையும் ஆறு கொண்டுபோய் ஏரியில் சேர்த்தது. குடிப்பதும் அதே ஏரித் தண்ணீர். காலரா, டைபாய்டு என்று ஜனங்கள் செத்தார்கள். 1867-ல் ஏரிக்கு அடியில் இரண்டு மைல் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, கரைக்கு ரொம்பத் தள்ளியிருந்து நல்ல தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. கடைசியில் 28 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, 1900-ல் ஆற்றையே எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள்!

கேட்டு நான் அசந்துவிட்டேன். ஆனாலும் அடுப்படிக்காரி புத்தி ஒன்று கேட்டது. "சரி, இவங்க தப்பிச்சாங்க. அந்த அழுக்கு அந்தப் பக்கம் யார் வாசலுக்குப் போச்சு?"

மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரியாக் கேட்டீங்க மதினி. கீழே இருக்கிற மிசூரி மாகாணம் வழக்குப் போட்டது. 1906-ல தோத்தும் போச்சு. எங்க கழிவாலதான் உங்களுக்குச் சீக்கு வந்ததுன்னு நிரூபிக்க முடியலை. பின்னால இவங்களே கழிவுநீரைச் சுத்தம் பண்ணுற நிலையங்கள் கட்ட வேண்டி வந்தது."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சிற்றாறு ஞாபகமாகவே இருந்தது. குற்றாலத்து அருவித் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசிக்கு வந்து, எங்கள் யானைப்பாலத்துக்கு அடியில் ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. அப்படியானால் குற்றாலத்துக்கு நாங்கள்தான் மிசூரி! சீஸனில் ஆற்றோரம் ஒதுங்கும் ஷாம்பு பாக்கெட்டைப் பார்த்து, "வெளியூர்க்காரங்க பண்ணுற வேலை" என்று எத்தனை தடவை அங்கலாய்த்திருக்கிறேன்!

ஆனால் நான் மட்டும் யோக்கியமா? அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று 2014-லேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்டது. அப்புறமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டிலேயே தலை சொட்டச் சொட்ட நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஆட்டோவில் ஐந்தருவிக்குப் போய் நிற்பேன். அங்கே தேய்த்தால்தானே தப்பு! வருகிறவர்களுக்கும் இந்த உபாயத்தைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். எங்களுக்குக் கீழே ஆலங்குளம் பக்கம் ஒருத்தி குடம் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு வருவாளே என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தங்கைக்குச் சுகப்பிரசவம். ஆண் குழந்தை. உளுந்தங்களியும் பூண்டுக் குழம்புமாக அவளை நன்றாகத் தேற்றினேன். தொப்புள்கொடி விழுந்ததும், அம்மா செய்கிற மாதிரி, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினேன். குழாயில் இதமாக வந்த தண்ணீர் அந்த ஏரித் தண்ணீர்தான். அதை அந்தப் பிஞ்சுத் தலையில் ஊற்றும்போது, "இதைத்தான் நாம குடிக்கோம்" என்ற குரல் என் காதில் கேட்டது.

ஊர் திரும்பினேன். 2024 சீஸனும் வந்தது, விருந்தாளிகளும் வந்தார்கள். நான் ஒரே ஒரு சட்டம் போட்டேன். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வீட்டிலேயே தலை முழுகிவிட வேண்டும். வெந்நீர் போட்டுத் தருவது என் பொறுப்பு. அருவிக்குச் சுத்தமான தலையோடுதான் போக வேண்டும். வீட்டில் குளித்த தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டேன்.

நாத்தனாருக்கு முகம் சிறுத்துவிட்டது. "மதினி அமெரிக்கா போயிட்டு வந்தாகல்லா, இனிமே அப்படித்தான் பேசுவாக" என்று என் கணவரிடம் சொன்னது சமையலறை வரை கேட்டது. இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வந்த இடத்தில் மனசு நோகச் செய்துவிட்டோமே என்று எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து அண்டாவில் வெந்நீர் போட்டேன்.

அவர்கள் மதுரைக்குக் கிளம்பிப் போன பிறகு அறையைப் பெருக்கினேன். ஜன்னல் மாடத்தில், நாத்தனார் கொண்டுவந்த ஷாம்பு பாக்கெட்டுகள் ஆறும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சகோதரிகளே, இந்த சீஸனுக்கு நீங்களும் குற்றாலம் வருவீர்கள். தாராளமாக வாருங்கள், ஆசை தீர நனையுங்கள். தலையை மட்டும் வீட்டிலேயே அலசிவிட்டு வாருங்கள். கீழே நாங்கள் இருக்கிறோம்.