பரோசாவின் கிழட்டுக் கொடிகள்

ஒயின் என்றதும் துரை பங்களாவின் கண்ணாடிக் கிண்ணம்தான் உங்கள் நினைவுக்கு வரும். நம் லயங்களைக் கள்ளும் சம்சுவும் படுத்திய பாட்டைக் கண்டவர்கள், "பள்ளிக்கூட ஆசிரியர் மதுவைப் பற்றி எழுதலாமா?" என்றும் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு தோட்டப்புறத்தின் கதை. அது நமக்குப் புதிதாகவும் இருக்காது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலேய்டு நகரிலிருந்து வடகிழக்கே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றால் பரோசா பள்ளத்தாக்கு. ஜெர்மானிய லுத்தரன் கிறிஸ்தவர்கள் 1842-ல் அங்கே பெத்தனி என்ற ஊரை அமைத்தார்கள். பக்கத்தில் தனுண்டா. 1843-ல் நட்டதாகச் சொல்லப்படும் ஷிராஸ் கொடிகள் அவ்வூரில் இன்றும் காய்க்கின்றன. கொடி என்று சொன்னாலும், முண்டும் முடிச்சுமாக, பல காலம் பால் வெட்டிய ரப்பர் மரம் போலவே நிற்கின்றன. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை 19-ஆம் நூற்றாண்டில் அழித்த வேர்ப்பூச்சி இந்த மாநிலத்தை எட்டவே இல்லை.

செப்பெல்ட்ஸ்ஃபீல்டு சாலையின் இருபுறமும் ஈச்ச மரங்கள் வரிசை பிடித்து நிற்கும். 1930-களின் பொருளாதார மந்தத்தில், தொழிலாளரை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாத செப்பெல்ட் குடும்பத்தார், வேலை கொடுப்பதற்காக நடவைத்த மரங்கள் அவை. அதே மந்தத்தில் மலாயாவில் ரப்பர் விலை சரிந்தபோது, நம் முன்னோரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள் என்பதை நினைக்காமல் என்னால் அச்சாலையைக் கடக்க முடியவில்லை.

பரோசாவுக்கும் சோதனை வந்தது. கிரனாஷ், மட்டாரோ என்னும் பழங்கள் முன்பு இனிப்பான, வீரியம் கூட்டிய மதுவுக்கே பெரும்பாலும் போயின. மக்களின் ருசி மாறியதும் அவற்றைச் சீந்துவாரில்லை. 1980-களின் நடுவில் அரசாங்கமே பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. நூறாண்டுக் கொடிகளும் போயின. பால் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டதைப் பார்த்த நமக்கு அந்த வெறுமை தெரியும். பணத்தை வேண்டாமென்று பிடிவாதமாக வைத்துக்கொண்ட சில குடும்பங்களால்தான் மிச்சம் பிழைத்தது. 2009-ல் 35, 70, 100, 125 ஆண்டு எனக் கொடிகளுக்கு வயது வரிசை வகுத்து மரியாதை செய்தார்கள்!

அந்தக் கிரனாஷுடன் ஷிராஸையும் மட்டாரோவையும் சேர்த்தால் கிடைப்பதே நான் சொல்லும் சிவப்பு ஒயின். தென் பிரான்சின் ரோன் ஆற்றங்கரையில் பழைய வழக்கம் இது. கிரனாஷ் கனிந்த பழச்சுவை தரும். ஆனால் நிறம் வெளிறியது. கருமையும் கனமும் ஷிராஸ் தருவது. மட்டாரோவின் துவர்ப்பு, நம் கடுந்தேநீர் போல நாக்கைப் பிடிக்கும். பேர்போன தனி ஷிராஸ் புட்டிகளை விட இக்கலவை பெரும்பாலும் மலிவு. சுவையில் குறைவென்று நான் ஒப்பமாட்டேன்.

கடையில் 'ஜி.எஸ்.எம்.' என்ற மூன்றெழுத்தைத் தேடுங்கள். நம் வெக்கைக்கு, திறக்குமுன் இருபது நிமிடம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சாராயச் சத்து நூற்றுக்கு 14, 15 வரை இருப்பதால் பச்சை மிளகாய்ச் சம்பலோடு குடித்தால் வாய் எரியும். மிளகாயைக் குறைத்து, மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டிறைச்சிப் பிரட்டல்தான் இதற்கு ஏற்றது. ஒரு புட்டி நால்வருக்குப் போதும்.