பாலைத் தூசி படியும் தீவுகள்

ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ளன ஸ்பெயின் நாட்டுக் கானரித் தீவுகள். அவற்றின் பாதுகாவலியான கந்தலேரியா அன்னையின் பேராலயம் தெனெரீப் தீவின் கடலோரத்தில் எழிலுற நிற்கிறது. சுற்றிலும் நீலக்கடல்; எனினும், சகாராவிலிருந்து காற்று வீசும் நாள்களில் செந்தூசி வானை மூடிவிடும். இதனை அம்மக்கள் 'கலிமா' என்பர். நுண்துகள்கள் நுரையீரலுள் புகுவதால் ஆஸ்துமா நோயாளரும் முதியோரும் குழந்தைகளும் மூச்சுக்குத் தவிப்பர். சன்னல்களை அடைத்து வீட்டினுள் இருப்பதே பாதுகாப்பு.

2020 பிப்ரவரி 22, 23 தேதிகளில் தூசி அடர்ந்து விமான நிலையங்கள் மூடப்பட்டன. தவக்காலத்துக்கு முந்திய களியாட்ட நாள்கள் அவை. 26ஆம் நாள் திருநீற்றுப் புதன்! நெற்றியில் சாம்பல் பூசுமுன்னரே தீவுகள்மேல் மண் படிந்துவிட்டது. அத்தகைய நாளில், வெளியே வர இயலாத அயலாருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும் தவமுயற்சியே அன்றோ?