தக்க காரணம்

உழைத்து உண்ணல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். பவுல் அப்போஸ்தலரும் தெசலோனிக்கேயருக்கு அவ்வாறே பணித்தார். ஆயினும் அவர் கடிந்தது வேலை செய்ய மனமில்லாதாரையேயன்றி, செய்ய மாட்டாதாரையன்று. இவ்விரண்டும் வேறென்று இலக்கணம் பயிலும் யாம் எளிதிற் கூறிவிடலாம். பசித்தவன் எதிரே நிற்கும்போது, அவன் எவ்வகையினன் எனத் தீர்ப்பார் யார்? அவன் கூறும் காரணம் தக்கதென ஏற்பார் யார்?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்பர். அரசாங்கத்தார் அப்போது சாலையிடுதல், குளம் வெட்டுதல் முதலிய வேலைகளை ஏற்படுத்தி, வந்து உழைத்தார்க்குத் தானியமும் காசும் கொடுத்தனர். 1877-இல் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாய் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் அமையும் எனக் கூலியைக் குறைத்தார். சென்னைச் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ், அவ்வளவே உண்டு மண் சுமப்பவன் உடல் நில்லாது என வன்மையாக வாதிட்டார். வலியன் என்று வேலைக்கு எடுக்கப்பட்டவனை அவ்வேலையே மெலியனாக்கிற்று என்பது இதன் பொருள். காலையில் காரணம் இல்லாதவன் மாலையில் காரணம் உடையவன் ஆகின்றான். ஏட்டிலோ அவன் இன்னும் வலியனே!

இப்பஞ்சத்தின் பின்னர் அமைந்த பஞ்சக் கமிஷன் 1880-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் வழியே எழுந்த பஞ்ச நிவாரண விதிகள், வேலையின்றியே உதவி பெறத் தக்கார் இன்னார் என வகுத்தன. முதுமையாலும் உறுப்புக் குறையாலும் உழைக்க மாட்டாதார், குருடர், சித்தம் கலங்கினோர், வீட்டில் நோயாளியையோ கைக்குழந்தையையோ விட்டு நீங்கலாகாதார், வெளியே வரும் வழக்கமில்லாத மகளிர் ஆகியோர் அவருள் அடங்குவர். அவர்களை வீடுதோறும் சென்று கண்டு பெயரெழுதும் கடமை ஊர் அதிகாரிகள்மேல் வைக்கப்பட்டது. இவ்வொரு விதியை யாம் பெரிதும் மதிக்கின்றோம். என்னை? மெய்யாகவே எழமாட்டாதவன், எழமாட்டேன் என்று சொல்லுதற்கும் கச்சேரிவரை எழுந்து வரமாட்டான் அல்லனோ?

மணிமேகலை பயின்றார்க்கு இப்பட்டியல் புதிதாகத் தோன்றாது. தென்மதுரையில் ஆபுத்திரன் தான் இரந்து பெற்றதைக் கண்ணிலார், செவியிலார், கால் முடங்கினார், புரப்பாரற்றார், பிணியுற்றார் எல்லாரையும் கூவியழைத்து ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டான். பெயர்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆயின் அவன் அழைத்தான், சான்று கேட்டானில்லை.

எம் ஊராகிய குத்தாலத்திற்கு அணித்தாயுள்ள மாயூரத்திலும் தாது வருஷத்தில் அவ்வாறு செய்தார் ஒருவர் இருந்தார். முன்பு அங்கே முன்சீபாயிருந்து ஓய்வு பெற்ற வேதநாயகம் பிள்ளையவர்களே அவர். காவிரி பாயும் நாடாதலின் இப்பகுதி வறண்ட ஜில்லாக்களைப்போல் அழியவில்லை. அரிசி விலை ஏறவே, நிலமில்லாதார் வாடினர். பிள்ளையவர்கள் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். அவ்வறத்தைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனம் பாடிப் போற்றினார். கிறிஸ்தவரைச் சைவர் பாடிய அப்பாட்டை எம் வகுப்பில் யாம் பன்முறை பேசி மகிழ்ந்ததுண்டு.

இக்காலத்திலும் இவ்வழக்கு ஓயவில்லை. செல்வத்திற் சிறந்த அமெரிக்க ஐக்கிய நாட்டில், உணவுதவி பெறுவாருள் சிறு பிள்ளைகளில்லாத வலியவர் திங்களுக்கு 80 மணி நேரம் உழைத்தலோ பயிலுதலோ வேண்டும். இல்லையேல் மூன்றாண்டிற்கு 3 மாத உதவியே கிட்டும். 2025-இல் இயற்றிய சட்டம் இவ்விதியை 64 வயது வரையுள்ளார்க்கும் விரித்தது. 14 வயதிற்குட்பட்ட பிள்ளையுடைய பெற்றோர்க்கே விலக்களித்தது. கருவுற்றார்க்கும் உடல் நலிந்தார்க்கும் விலக்குண்டு. வெளிப்படத் தோன்றாத நோய்க்கோ மருத்துவர் சான்று வேண்டும். கையிற் காசில்லாதவன் மருத்துவரை எங்ஙனம் காண்பான்?

தமிழ்நாட்டில் அரிசியைப் பற்றிய அளவில் இவ்வினா எழுவதில்லை. 2011 முதல் அரிசி அட்டையுடையார்க்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றி அளிக்கப்படுகின்றது. உழைத்தாயோ என்று வினவுவார் இல்லை. ஆனால் குழம்பிற்குப் புளியும் பருப்பும் காசின்றி வாரா. அக்காசிற்காக எம் பாட்டியார் பல ஆண்டுகள் நூறு நாள் வேலைக்குச் சென்றார். 2005-ஆம் ஆண்டின் வேலையுறுதிச் சட்டம், பணியிடத்தில் தண்ணீர் கொடுக்கவும் குழந்தைகளைப் பார்க்கவும் ஆள் வைக்க இடம் தந்தது. வாய்க்கால் தூர்வாரும் இடத்தில், தண்ணீர்க் குடத்தருகே அமருமாறு உடன் வந்தோர் பாட்டியாரை வேண்டினர், அவர் இசையவில்லை.

“கிழவிக்கு முடியலேன்னு ஒருதரம் எழுதிட்டா, அடுத்த வருஷம் பேரே இருக்காதுடா,” என்றார் எம்மிடம்.

அவர் ஐயுற்றது பொய்யாகவும் இருக்கலாம். கூலிக்கு உழைப்பார்க்கே கூலி என்ற இடத்தில், மாட்டாமையைச் சொல்லுதல் வாயிற் சோற்றைத் தானே தள்ளுதலாகும் என அவர் கண்டிருந்தார். வீங்கிய முழங்காலைப் புடவைத் தலைப்பால் இறுகச் சுற்றிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளிலிட்டு, மற்றவர்க்கு முன்னதாகவே அவர் கரையிற் போய் நிற்பார்.