உறைக்கு அடியில்

ஏசாயா 49ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய ஊழியர் தம்மைத் துலக்கப்பட்ட அம்புக்கு ஒப்பிடுகிறார். அம்புத்தண்டைத் தேய்த்து வழவழப்பாக்குவதே துலக்குதல். மேலே எதையும் ஒட்டுவதன்று. வண்ண லேபிள் அச்சிட்டு வாழும் சிவகாசியில் இதைச் சொல்லவும் சற்றுத் துணிவு வேண்டும்!

வில்வித்தை பயிலும் நம் சபை வாலிபர் ஒருவர், தம் கார்பன் அம்புகளின் இறகுப்பகுதியில் சுற்றியிருந்த அலங்கார வினைல் உறையைச் சென்ற வாரம் நீக்கினார். கத்தியால் சுரண்டினால் கார்பன் இழை அறுபடும். நெருப்பில் காட்டினால் இழைகளைப் பிணைத்த பிசின் தளரும். ஆகவே வெந்நீரில் சற்றே அமிழ்த்தி, பசை இளகியதும் நகத்தால் உரித்து, எஞ்சியதை ஸ்பிரிட் தோய்ந்த துணியால் துடைத்தார். பின்பு ஒவ்வொன்றையும் மெல்ல வளைத்துச் செவிகொடுத்தார். ஒன்றில் நெறியும் ஓசை கேட்டது: மயிரிழைபோல் ஒரு விரிசல். நாண் உந்தும் கணத்தில் அத்தகைய அம்பு சிதறி, வில் பிடித்த கையிலேயே பாயக்கூடும். உறையோடு இருந்தபோது 12 அம்புகளும் ஒன்றுபோலவே தோன்றின. அதை ஒடித்துப்போட்டு, மற்ற 11க்கு மட்டும் புது இறகு ஒட்டத் தொடங்கினார்.